மாந்தோப்பை அடமானம் வைக்க வேண்டாம், பாப்பாவுக்கு மெயின்பிரேமைக் காட்டுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். "ஏ.ஐ. கோர்ஸில் சேர்த்துவிடு, 3.5 லட்சம்தான், வேலை உறுதி" என்று பெங்களூர் மாமா நெருக்குகிறாராம். அதற்காக மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார். மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: "புரோகிராமில் தப்பு எங்கே என்று தேட உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவாள்."

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் தோப்பைத் தொடாதீர்கள். வேலை உறுதி என்பவர்களிடம், வேலை கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே மாறும். அந்த ஒரு வரியில் நீங்கள் சொன்ன குணம் இருக்கிறதே, அதற்குப் பொருத்தமான வேலை ஒன்று உண்டு: மெயின்பிரேமில், அதாவது பெரிய நிறுவனங்களின் கணக்கை ஓட்டும் ராட்சத கம்ப்யூட்டரில், ஓடும் கோபால் (COBOL) புரோகிராம்களைப் பழுது பார்ப்பது.

கோபால் 1959-ல் தொடங்கிய மொழி. மாமா சிரிக்கலாம். சிரிக்கட்டும். வங்கிகளிலும் இன்சூரன்ஸ் நிறுவனங்களிலும் இன்றும் பெரிய கணக்குகள் அதில்தான் ஓடுகின்றன.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பாப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். 1964-ல் வந்த ஐ.பி.எம். சிஸ்டம்/360-ல் மெமரி முகவரிக்கு 24 பிட்தான், அதாவது 16 எம்.பி. வரைதான் எட்டும். 1980-களில் அது 31 பிட் ஆனது, எல்லை 2 ஜி.பி. ஆனால் பழைய புரோகிராம்களை யாரும் தூக்கி எறியவில்லை. புதிதாக கம்பைல் செய்த (கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிய) புரோகிராம் தன் டேட்டாவை 16 எம்.பி. கோட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு, 24 பிட்டில் ஓடும் பழைய புரோகிராமைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். பழையது முகவரியின் மேல் பிட்டுகளைப் பார்க்காது. கடிதத்தில் ஊர்ப்பெயரைக் கிழித்துவிட்டுக் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தபால்காரர் வீடு தேடுவது போலத்தான். பெரும்பாலும் எஸ்0சி4 (S0C4) என்ற அபெண்டோடு, அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டதற்கான பிழைக் குறியோடு, ஜாப் (ஓட்டக் கொடுத்த வேலை) பாதியில் விழும். சில சமயம் விழாது, வேறு எதையோ படித்துத் தப்பான கணக்கைக் கொடுக்கும். அதுதான் பயங்கரம்.

கூப்பிடும் புரோகிராமை டேட்டா(24) ஆப்ஷனோடு மறுபடி கம்பைல் செய்தால் டேட்டா கோட்டுக்குக் கீழே வந்துவிடும். சரி, தீர்ந்ததா? இல்லை. எல்லாவற்றையும் கீழே இறக்கினால் இடம் போதாமல் எஸ்878 என்ற பிழை வரும். அந்த 16 எம்.பி.யிலும் ஒரு பங்கு சிஸ்டத்துக்கே போய்விடும் என்பதால், ஜே.சி.எல்.லில் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளைகளில்) ரீஜனை, அதாவது ஜாப் கேட்கும் மெமரி அளவை, எவ்வளவு கூட்டினாலும் கோட்டுக்குக் கீழே இல்லாத இடம் முளைக்காது. முடிந்தால் பழைய புரோகிராமையே 31 பிட்டுக்கு மாற்றுவதுதான் நல்ல வழி. இதே எஸ்0சி4 வேறு காரணத்தாலும் வரும்: 500 வரிசைக்கு அறிவித்த டேபிளில் 501-வது வரிசையில் எழுதப் போனால் பக்கத்து டேட்டா அழியும், ரொம்பத் தள்ளிப் போனால் ஜாப் விழும். எஸ்எஸ்ரேஞ்ச் ஆப்ஷன் போட்டு ஓட்டினால் வரம்பு மீறும் இடத்திலேயே பிடித்துக் கொடுக்கும். டம்பை, அதாவது ஜாப் விழுந்த நேரத்து மெமரியின் நகலை, திறந்து, எந்த வரி, எந்த முகவரி, அங்கே என்ன இருந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். உங்கள் மகள் இதற்குத்தான் சாப்பாட்டை மறப்பாள்.

பழகிப் பார்க்கச் செலவே இல்லை. ஐ.பி.எம். இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளம் இலவசம், நிஜ மெயின்பிரேமிலேயே வேலை செய்யலாம். மொழியைப் பழக க்னூகோபால் என்ற கம்பைலரும் இலவசம்தான், ஆனால் இந்த 24, 31 பிட் சிக்கல் அதில் தெரியாது. கோட்டின் எல்லையை உணர, மெயின்பிரேம் போலவே நடிக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் எம்.வி.எஸ். 3.8ஜே என்ற பழைய மெயின்பிரேம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை லேப்டாப்பிலேயே ஓட்டலாம். அது முழுக்க 24 பிட், 16 எம்.பி. நெருக்கடி கைக்கே தட்டுப்படும். கல்லூரி முடியும் வரை இதைச் செய்யட்டும். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். புதியவர்களுக்கு இதில் ஜாவா அளவுக்கு ஆள் எடுப்பு கிடையாது. பெரிய சர்வீஸ் கம்பெனியில் பொதுவாகச் சேர்ந்து, மெயின்பிரேம் டீமைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பேட்ச் ஜாப்கள் (மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் கணக்கு வேலைகள்) ராத்திரியில் ஓடுவதால் நடுராத்திரி அழைப்பும் ஷிப்டும் உண்டு. அதுவும் அநேகமாக பெங்களூரில், இல்லையென்றால் சென்னையில். இதற்கெல்லாம் சம்மதமா என்று மகளிடமே கேளுங்கள், மாமாவிடம் வேண்டாம்.