முதல் ஸ்கேனிலேயே 4,000 எச்சரிக்கை வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆறு பேர் டீம், கிட்ஹபில் பழைய ஸ்பிரிங் பூட் (ஜாவா) புராஜெக்ட். கோடில் குறை தேடும் சோனார்கியூப் போட்டதும் 4,000 எச்சரிக்கை வந்தது. இப்போது யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. ஸ்கேனிங்கை முறையாக எப்படி அமைப்பது?

பதில்: பழைய 4,000-ஐ இப்போதைக்கு அப்படியே விடுங்கள். இன்று எழுதும் கோடில் புதிய தவறு நுழையாமல் தடுப்பதுதான் முதல் வேலை. இந்த வரிசை மாறினால் எந்த டூல் வாங்கினாலும் ஒரே மாதத்தில் எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள்.

முதலில் ரகசியங்கள். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ போன்றவை ரெப்போவில் கிடக்கின்றனவா என்று கிட்லீக்ஸ் என்ற டூல் கொண்டு முழு கமிட் (சேமித்த மாற்றங்கள்) வரலாற்றையும் தேடுங்கள். பில்ட், சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில், கோடை இறக்கும் செக்கவுட் ஸ்டெப் இயல்பாகக் கடைசி ஒரு கமிட்டை மட்டுமே இறக்கும். ஃபெட்ச்-டெப்த் மதிப்பை 0 என்று வைத்தால்தான் வரலாறு முழுக்க வரும். அதை மறந்தால் "ஒன்றும் இல்லை" என்று பச்சை காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். கீ ஏதாவது சிக்கினால் கமிட்டை அழிக்க ஓடாதீர்கள். அந்தக் கீயை முதலில் செல்லாததாக்கி, புதியது எடுங்கள். ஒருமுறை புஷ் ஆனது ஏற்கெனவே யாருடைய குளோனிலாவது இருக்கும். மாற்றி முடித்த பழைய கண்டுபிடிப்புகளை பேஸ்லைன் ஃபைலாகச் சேமித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த ஸ்கேனில் புதியது மட்டும் வரும்.

அடுத்தது கோட். சோனார்கியூபின் இலவசக் கம்யூனிட்டி பதிப்பு மெயின் பிராஞ்சை மட்டும்தான் ஆராயும், புல் ரிக்வெஸ்ட்டை (மெயினில் சேர்க்கும் முன் பார்வைக்கு வைக்கும் மாற்றத்தை) பார்க்காது. அதாவது தவறு மெர்ஜ் ஆன பிறகுதான் சொல்லும். அதனால் புல் ரிக்வெஸ்ட்டில் செம்கிரெப் என்ற கோட் ஸ்கேனரை வையுங்கள். அதன் பேஸ்லைன்-கமிட் ஆப்ஷனில் மெயின் பிராஞ்சைக் கொடுத்தால் அந்த மாற்றத்தால் புதிதாக வந்த குறைகளை மட்டும் காட்டும். இதற்கும் ஃபெட்ச்-டெப்த் 0 வேண்டும். சோனாரை மெயினில் ஓடவிட்டு, அதன் இயல்பான குவாலிட்டி கேட்டை (தேர்ச்சி விதிகளை) அப்படியே பயன்படுத்துங்கள்: புதிய கோடில் டெஸ்ட் கவரேஜ் (டெஸ்ட்டுகள் ஓட்டிப் பார்க்கும் கோடின் பங்கு) 80%-க்குக் குறையக்கூடாது, நகல் வரிகள் 3%-ஐத் தாண்டக்கூடாது. பழைய கோடுக்கும் 80% கேட்டுத் தொடங்கும் டீம்கள், உருப்படியாக எதையும் சோதிக்காத டெஸ்ட்டுகளை எழுதிக் குவிக்கும். அதைவிட டெஸ்ட்டே இல்லாமல் இருப்பது மேல்.

கவரேஜ் 0% என்று வந்தால் பதற வேண்டாம். டெஸ்ட் ஓடுவதற்கு முன்பே ஸ்கேன் ஓடியிருக்கும், அல்லது கவரேஜை அளக்கும் ஜாக்கோகோவின் எக்ஸ்எம்எல் ரிப்போர்ட் உருவாகியிருக்காது. பில்ட் டூல் மேவன் என்றால் டார்கெட் ஃபோல்டருக்குள் சைட், அதற்குள் ஜாக்கோகோ ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, பலரும் விழும் குழி. லைப்ரரிகளில் பாதுகாப்பு ஓட்டை தேடும் ட்ரிவி, எதையாவது கண்டுபிடித்தாலும் இயல்பாக எக்ஸிட் கோட் 0 ('எல்லாம் சரி' என்று சொல்லும் முடிவு எண்) தான் தரும். செம்கிரெப்பின் ஸ்கேன் கமாண்டும் அப்படியே. லாக்கில் சிவப்பாகப் பத்து வரி இருக்கும், பைப்லைனில் பச்சை டிக் விழும். ட்ரிவிக்கு எக்ஸிட்-கோட் 1 என்றும், செம்கிரெப்புக்கு எரர் ஆப்ஷனும் கொடுத்தே ஆக வேண்டும். கிட்லீக்ஸ் மட்டும் தானாகவே 1 தரும். அமைத்து முடித்ததும் வேண்டுமென்றே ஒரு கெட்ட பிராஞ்ச் போட்டுச் சோதியுங்கள். பயனர் தந்த பெயரை அப்படியே உள்ளே ஒட்டி எழுதிய ஒரு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கேள்வி) வரியும், கற்பனையான ஒரு ஏடபிள்யூஎஸ் கீயும் போதும். அமேசான் ஆவணங்களில் வரும் மாதிரிக் கீயைப் போடாதீர்கள். அதைக் கிட்லீக்ஸ் விலக்கிவிடும். பிராஞ்ச் சிவப்பாகவில்லை என்றால் உங்கள் ஸ்கேனர் வெறும் அலங்காரம்.

சிவப்பானாலும் மெர்ஜ் பட்டன் வேலை செய்யும். கிட்ஹபின் பிராஞ்ச் புரொடெக்ஷன் அமைப்பில் இந்தச் செக்குகளைக் கட்டாயமாக்கினால்தான் தடை. பிரைவேட் ரெப்போவுக்கு கிட்ஹபின் இலவசத் திட்டத்தில் அந்த வசதி இல்லை.

லைப்ரரிகளுக்கு ட்ரிவி. லைப்ரரிப் பட்டியலான போம் ஃபைலை மட்டும் பார்க்காமல், கடைசியாக பில்ட் ஆகும் டாக்கர் இமேஜையே ஸ்கேன் செய்யுங்கள். ஜார்களோடு (ஜாவா லைப்ரரி ஃபைல்கள்) ஓஎஸ் பேக்கேஜ்களும் அதில் மாட்டும். ஹை, கிரிட்டிகல் இரண்டுக்கு மட்டும் தடை போட்டு, திருத்தம் வராதவற்றை இக்னோர்-அன்ஃபிக்ஸ்டு கொண்டு ஒதுக்குங்கள். விலக்கு தேவைப்பட்டால் ட்ரிவிஇக்னோர் ஃபைலில் காலாவதித் தேதியோடு எழுதுங்கள். தேதியில்லாத விலக்கு நிரந்தர விலக்காகிவிடும்.

இந்த ஸ்கேனைத் தினமும் இரவிலும் ஓட்டுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது யாரும் ஒரு வரி மாற்றாத புராஜெக்ட்டுகளும் ஒரே நாளில் ஆபத்தில் சிக்கின. கிட்ஹபின் கிரான் (தானாக ஓட்டும் அட்டவணை) நேரம் இயல்பாக யூடிசி. இந்திய நேரம் அதிகாலை 2 மணி என்றால் 20:30 என்று போடுங்கள்.

பைப்லைனில் சேர்க்கும், பிறர் எழுதிய ஆக்ஷன்களை (தயார் ஸ்டெப்களை) டேக் பெயரால் அழைக்காமல் 40 எழுத்து கமிட் ஹாஷால் குறிப்பிட்டுப் பூட்டுங்கள். 2025 மார்ச்சில் தாக்குதல்காரர்கள் 'டிஜே-ஆக்ஷன்ஸ்/சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' என்ற பிரபல ஆக்ஷனின் டேக்குகளைத் தீய கமிட்டுக்குத் திருப்பிவிட, ரகசியங்கள் பில்ட் லாக்கில் கொட்டின. ஸ்கேனருக்கு உங்கள் மொத்தக் கோடும் தெரியும், எனவே இதில் சமரசம் வேண்டாம்.

அந்த 4,000? இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, செக்யூரிட்டி வகை என்று மட்டும் வடிகட்டிப் பாருங்கள். மிஞ்சுவதை வாரத்துக்கு ஒரு மணி நேரம் இரண்டு பேர் உட்கார்ந்து தீர்க்கட்டும். மற்றவை அந்தந்த ஃபைலைத் தொடும்போது போகும்.