பாக்கெட் டேபிளில் பதிவை அழிப்பது எப்படி? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் ஆய்வகத்தில் அதிர்வுமானிகளிலிருந்து விநாடிக்கு 1000 பதிவுகள் வருகின்றன. சி மொழியில் எழுதிய நிரல், ஹெச்டிஎஃப்5 (HDF5, அளவீட்டுத் தரவைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பில் ஹெச்5டிபி (H5TB, அதன் நூலகத்தில் உள்ள அட்டவணை வசதி) டேபிள் ஒன்றில் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. ஒரு பதிவுக்கு ஒரு துண்டு என்று நினைத்து சங்க் (chunk, கோப்பில் தரவு பிரித்து வைக்கப்படும் துண்டு) அளவை 1 என்று கொடுத்தேன். நிரலால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோப்பும் கணக்கிட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. அதே நூலகத்தின் இன்னொரு அட்டவணை வசதியான பாக்கெட் டேபிளுக்கு (ஹெச்5பிடி, H5PT) மாறச் சொல்கிறார்கள், ஆனால் அதில் பதிவை அழிக்க வழியில்லையாமே? தவறான பதிவுகளை என்ன செய்வது? போன வாரம் மின்சாரம் போனதில் ஒரு முழு நாளின் கோப்பு திறக்கவே இல்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறிவிடுங்கள். அழிக்க முடியாது என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சேர்ப்பது, படிப்பது என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டதால்தான் பாக்கெட் டேபிள் இலகுவாக இருக்கிறது.

ஹெச்5டிபி அழைப்புகள் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பதிவைச் சேர்க்கச் சொன்னால் டேட்டாசெட்டை (கோப்புக்குள் தரவு இருக்கும் வரிசையை) திறந்து, நீளம் கேட்டு, நீட்டி, எழுதி, மூடிவிடும். உங்கள் நிரல் இதை விநாடிக்கு 1000 தடவை செய்கிறது. பாக்கெட் டேபிளை ஒருமுறை திறந்தால் நீங்கள் மூடும்வரை திறந்தே இருக்கும். அழிக்கும் வசதிக்கு ஹெச்5டிபி கொடுக்கும் விலையையும் பாருங்கள்: நடுவில் ஒரு பதிவை நீக்கினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றி, ஓரிடம் முன்னே நகர்த்தித் திரும்ப எழுதும். உங்கள் ஒரு நாள் கோப்பில் 8 கோடியே 64 லட்சம் பதிவுகள். காலை பதிவு ஒன்றை நீக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தவறான பதிவு வரும்போதே தெரிந்தால் பதிவிலேயே உள்ள நிலைக்குறி புலத்தில் குறித்துவிடுங்கள். பிறகு தெரியவந்தால், அதே கோப்பில் இரண்டாவதாக ஒரு சிறிய பாக்கெட் டேபிள் வைத்து, தவறான பதிவின் வரிசை எண்ணையும் காரணக் குறியீட்டையும் அதில் சேருங்கள். கருவி தந்தது தந்தபடியே இருக்கும். அளவீட்டுத் தரவை அழிக்காமல் வைப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

இனி சங்க். அந்த எண் பைட் கணக்கு அல்ல, பதிவுக் கணக்கு. 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு பதிவும் தனித் துண்டாகிறது. இயல்பான கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பி-மரத்தில் (எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையில்) ஒரு நுழைவு உண்டு. ஒற்றைப் பரிமாண டேட்டாசெட்டில் அது 32 பைட். நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரக்டின் (ஒரு பதிவின் புலங்களைத் தொகுக்கும் சி அமைப்பின்) அளவு 24 பைட். பண்டத்தைவிடப் பை கனக்கிறது. கோப்பு பெருத்ததன் காரணம் இதுதான்.

அந்த ஸ்ட்ரக்டையும் சற்று உற்றுப் பாருங்கள். முதலில் 1 பைட் நிலைக்குறி, அடுத்து 8 பைட் நேரம், 4 பைட் மதிப்பு, 2 பைட் சேனல். கூட்டினால் 15தான். ஆனால் நேரம் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நிலைக்குறிக்குப் பின் 7 பைட் வெற்றிடம் விடுகிறது, கடைசியில் இன்னும் 2. மொத்தம் 24. நேரம், மதிப்பு, சேனல், நிலைக்குறி என்று பெரியதிலிருந்து சிறியதாக மாற்றி எழுதுங்கள், 16-இல் முடிந்துவிடும். ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமல் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மீதமுள்ள 1 பைட்டையும் பிடிக்கலாமே என்று வெற்றிடங்களை நீக்கும் ஹெச்5டி-பேக் (H5Tpack) பக்கம் போக வேண்டாம். பாக்கெட் டேபிளில் பதிவு சேர்க்கும் ஹெச்5பிடி-அப்பெண்ட் அழைப்பில் டேபிள், எண்ணிக்கை, தரவு என மூன்றே உள்ளீடுகள். நினைவக வகையைத் தனியே சொல்ல இடமில்லை. டேபிளை உருவாக்கும்போது கொடுத்த கூட்டு வகை (பல புலங்கள் சேர்ந்த தரவு வகை) உங்கள் ஸ்ட்ரக்டோடு பைட்டுக்குப் பைட் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் பதிவு சரியாக இருக்கும், இரண்டாவது ஒரு பைட் தள்ளியிருக்கும், மூன்றாவது இரண்டு. எனவே ஒவ்வொரு புலத்தையும் அதன் தொடக்க இடத்தைக் கணக்கிடும் ஹெச்ஆஃப்செட் (HOFFSET) மேக்ரோ கொண்டே சேருங்கள், மொத்த அளவுக்கு சைஸ்ஆஃப் போடுங்கள். எண்ணைக் கையால் எழுதாதீர்கள்.

சங்க் 4096 பதிவுகள் என்று வையுங்கள். 16 பைட் வீதம் 64 கிலோபைட். ஹெச்டிஎஃப்5 பல பதிப்புகளாக இயல்பாகத் தந்துவந்த 1 மெகாபைட் சங்க் கேஷில் (துண்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தில்) இது தாராளமாக அடங்கும். கேஷில் அடங்காத சங்கைச் சுருக்கமும் செய்தால், ஒவ்வொரு சேர்த்தலுக்கும் துண்டை விரித்து, மாற்றி, மறுபடி சுருக்க வேண்டிவரும். நிரல் திணறிப்போகும். உங்கள் பக்கத்தில் 4096 பதிவுகள் கொள்ளும் பஃபர் ஒன்று வைத்து, நிறைந்ததும் ஒரே அழைப்பில் சேருங்கள். விநாடிக்கு 1000 என்ற வேகத்தில் அது ஏறத்தாழ 4 விநாடிக்கு ஒருமுறை. சுருக்கம் வேண்டுமானால் ஹெச்5பிடி-கிரியேட்டுக்குத் தரும் பண்புப் பட்டியலில் முதலில் ஷஃபிள் (பைட்டுகளை மாற்றி அடுக்கும் வடிகட்டி), பிறகு டிஃப்ளேட் (சுருக்கும் வடிகட்டி). மெதுவாக ஏறும் நேர எண்களில் மேல் பைட்டுகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். ஷஃபிள் அவற்றை அருகருகே அடுக்குவதால் டிஃப்ளேட் நன்றாக இறுக்கும்.

இரண்டு த்ரெட்களிலிருந்து (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளிலிருந்து) சேர்க்க வேண்டாம். த்ரெட் பாதுகாப்போடு கட்டிய நூலகத்திலும் உயர்நிலை அழைப்புகளான ஹெச்5பிடி அந்தப் பூட்டுக்குள் வருவதில்லை. எல்லாம் ஒரு வரிசைக்கு வரட்டும், எழுதுவது ஒரே த்ரெட்டாக இருக்கட்டும்.

மின்வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். தரவு வட்டுக்குப் போயிருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் மெட்டாடேட்டா கேஷிலேயே தங்கியிருக்கலாம். அப்போது கோப்பு திறக்காமலே போகக்கூடும். 15 சேர்த்தலுக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை, கேஷில் இருப்பதை வெளியே எழுதும் ஹெச்5எஃப்-ஃப்ளஷ் அழையுங்கள். சங்க் நிறைந்த இடத்தில் அழைப்பதுதான் நல்லது. பாதி நிறைந்த சங்கைச் சுருக்கி எழுதினால், அடுத்த முறை அதன் அளவு மாறி வேறிடத்துக்குப் போகும், பழைய இடம் ஓட்டையாகிவிடும். ஃப்ளஷ்கூட இயக்குதளத்திடம் ஒப்படைப்பதோடு நிற்கிறது. வட்டில் பதிந்ததற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே மணிக்கு ஒரு கோப்பு என்று பிரியுங்கள். 36 லட்சம் பதிவுகள், சுருக்காமல் 57.6 மெகாபைட். போனால் ஒரு மணி நேரம்தான் போகும், ஒரு நாள் போகாது.

கோப்பை மாற்றும்போது முதலில் ஹெச்5பிடி-குளோஸ், பிறகுதான் ஹெச்5எஃப்-குளோஸ். டேபிளை மூட மறந்தால் கோப்பை மூடும் அழைப்பு வெற்றி என்றே திரும்பும். ஆனால் உள்ளே ஒரு பொருள் திறந்திருக்கும்வரை கோப்பு உண்மையில் மூடப்படாது. இந்த மறதியால் பழைய கோப்புகள் எல்லாம் திறந்தபடியே கிடக்கும், மின்சாரம் போனால் எல்லாமே ஆபத்தில்.

ஆய்வாளர்கள் எப்போதும் மதிப்பு என்ற ஒரே புலத்தைத்தான் படிப்பார்கள் என்றால் மட்டும், கூட்டு வகைக்குப் பதில் புலத்துக்கு ஒரு டேட்டாசெட் வைப்பதை யோசியுங்கள். ஒரு புலத்தைக் கேட்டாலும் சங்க் முழுவதும்தான் வட்டிலிருந்து வரும்.

மாற்றிய பின் ஒரு மணி நேரக் கோப்பை கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் ஹெச்5எல்எஸ் (h5ls) கருவியில் விரிவான வெளியீட்டோடு பாருங்கள். சங்க் அளவு எத்தனை பதிவு, தரவு எத்தனை பைட், அதற்கு ஒதுக்கிய இடம் எத்தனை பைட் என்று காட்டும். சங்க் 4096 என்று இல்லாவிட்டால் அந்த வெளியீட்டை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.