வாசகர் கேள்விகள்: விப்பெட் வளையத்தில் மதிப்பெண் கிடையாது

விப்பெட் என்னும் நாய் இனத்துக்கான கழகம் நடத்திய கண்காட்சி ஒன்றில் நடுவராக நின்றதை இரண்டு இதழ்களுக்கு முன் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. உண்ணி, சொறி, குட்டி தூங்க மறுப்பது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே இனம், ஒரே சாயல். அறுபது விப்பெட்டுகள் வந்தால் எதை வைத்து முதலிடம் கொடுக்கிறீர்கள்? காதுக்கு இத்தனை, காலுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவீர்களா?

மதிப்பெண் போடுவதில்லை. அறுபதும் ஒன்றாக வந்து நிற்பதும் இல்லை. ஆணும் பெட்டையும் தனித்தனி. வயதையும் முன்பு பெற்ற வெற்றிகளையும் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. பிரிவில் வென்றவை பிறகு மோதிக்கொள்ளும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விப்பெட் ஓடப் பிறந்த நாய். முழு வேகத்தில் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொடக்கூடியது. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வோர் எட்டுக்கும் அதன் நான்கு பாதங்களும் இரண்டு முறை தரையை விட்டுவிடும்: உடலைச் சுருட்டும்போது ஒரு முறை, நீட்டும்போது ஒரு முறை. ஆனால் கண்காட்சி வளையத்துக்குள் அது பாய்வதே இல்லை. கயிற்றில் பிடித்துக்கொண்டு மிதமான ஓட்டநடையில் ஒரு சுற்று வருவார்கள், அவ்வளவுதான். ஓடாத நாயைப் பார்த்து, ஓடவிட்டால் எப்படி ஓடும் என்று கணிப்பதுதான் என் வேலை.

அதனால் முதலில் தள்ளி நின்று வடிவத்தைப் பார்ப்பேன். கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக வால்வரை கோடு எங்கும் உடையாமல் வழிந்து வர வேண்டும். இடுப்புக்கு மேல் ஒரு வளைவு உண்டு. அது கூனாக மாறிவிடக் கூடாது. பிறகு நாயை மேசைமேல் ஏற்றுவார்கள். அங்கே கண்ணைவிட விரல்கள் நேர்மையானவை. வாயைத் திறந்து மேல்பற்கள் கீழ்ப்பற்களைக் கத்தரிக்கோல்போல் ஒட்டி மூடுகின்றனவா என்று பார்ப்பேன். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கி வருமிடத்தில் விரல் வைத்தால் நடுவே சிறிது இடம் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாத நாய் தலையைத் தரைக்குக் கொண்டுபோகத் திணறும். ஓடுகிற முயலைக் குனிந்து கவ்வ வேண்டிய நாய்க்கு அது பெரிய குறை. நெஞ்சு முழங்கைவரை இறங்கியிருக்கிறதா, விலா நன்றாக விரிந்திருக்கிறதா, இடுப்புத் தசை கெட்டியாக இருக்கிறதா, பாதத்தின் அடித்திண்டு தடிமனாக இருக்கிறதா. ஒரு நாய்க்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கை பழகிவிட்டால் மனது கடைசியில்தான் வந்து சேர்கிறது.

இத்தனையும் தேடுவது ஒன்றைத்தான்: எதுவும் மிகாமல் அளவோடு இருப்பது. ஆழமான நெஞ்சு நல்லது என்றால் இன்னும் ஆழமானது இன்னும் நல்லது என்று வளர்ப்பவர்கள் நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னங்கால் வளைவு அழகு என்றால் கால் எங்கோ பின்னால் கிடக்கும்படி நாயை உருவாக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாய் படத்தில் அள்ளும். மேடு பள்ளமான வயலில் ஒரு திருப்பம் திரும்பினால் தெரியும் சேதி.

கேள்வி: நீங்கள் தவறாகத் தீர்ப்பளித்தது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்டு. முதல் தடவையே.

கறுப்பும் வெள்ளையும் கலந்த இளம் ஆண் நாய் ஒன்று. முன்னங்கால்களை உயர்த்தி உயர்த்தி, அணிவகுப்புக் குதிரைபோல் வந்தது. வளையத்தைச் சுற்றிலும் கைதட்டல். அதன் தோளைத் தொட்டபோது மேற்கை எலும்பு நட்டுக்குத்தாக நிற்பது, அதாவது முன்கால் நன்றாக நீளாது என்பது, விரலுக்குத் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்த கைதட்டல் விரல் சொன்னதை அழித்துவிட்டது. முதலிடம் கொடுத்தேன்.

மாலையில் திடலுக்குப் பின்னால் அதே நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நான் மூன்றாவதாக வைத்த பெட்டை ஒன்றும் கூடவே ஓடியது. பெட்டை முன்கால்களைத் தரையோடு தரையாக நீட்டி எறிந்து, பின்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்துத் தள்ளிக்கொண்டு போனது. என் வெற்றியாளரோ காற்றில் படியேறிக்கொண்டிருந்தார். பிரிட்டனின் தரவரையறை (ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த விவரம்) விப்பெட்டின் நடையைப் பற்றி இதைத்தான் எச்சரிக்கிறது: காலை உயர்த்தி வைக்கக் கூடாது, எட்டு குறுகக் கூடாது. அந்த வரி எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்து என்ன பயன்? அன்று முதல், நாயை நடக்கவிடும்போது பார்வையாளர்களுக்கு முதுகு காட்டியே நிற்கிறேன்.

கேள்வி: விலா எலும்பு தெரியும்படி பட்டினி போட்டு அழைத்து வருவது கொடுமை இல்லையா?

பட்டினி போட்டால் கொடுமைதான். ஆனால் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது விப்பெட்டுக்கு இயல்பு. தொடையையும் முதுகையும் அழுத்திப் பாருங்கள். தசை கெட்டியாக இருந்தால் அது நல்ல உடல். தசையும் இல்லாமல் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றால், பரிசு கிடக்கட்டும், கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்வேன். நான் அதிகம் பார்ப்பது மறுகோடியை: சோபாவில் வளர்ந்த கொழுத்த விப்பெட்டுகளை.

கேள்வி: உடற்பயிற்சி வீரன்போலத் தசை புடைத்த விப்பெட் ஒன்றின் படம் பார்த்தேன். அது உண்மையா? அதற்குப் பரிசு கொடுப்பீர்களா?

உண்மைதான். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது. 2007-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டி நீங்கள் பார்த்த படம்போல் ஆகிவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் கொஞ்சம் கூடுதல் தசையோடு நிற்கும். பந்தயத்தில் வேகமாக ஓடுபவற்றில் அத்தகையவை அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு சிட்டிகை வேகம் தந்த பொருள், இரட்டித்தால் நாயின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. பரிசு கிடையாது. நாயின் மேல் தவறில்லை, பாவம்.

கேள்வி: எந்த நிறம் உங்களுக்குப் பிடிக்கும்?

பிடித்ததைச் சொன்னால் அடுத்த கண்காட்சிக்கு அந்த நிறமாகவே வந்து நிற்கும். நிறத்துக்குச் சலுகை இல்லை. 'மெர்ல்' என்னும் திட்டுத்திட்டான சாம்பல் வகையை மட்டும் சர்வதேசத் தரவரையறை விலக்குகிறது. ஆனால் நிறம் கண்ணை ஏமாற்றும். கழுத்தின் நடுவில் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கினால் கழுத்து குட்டையாகத் தெரியும். முதுகில் திட்டு இருந்தால் பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். சந்தேகம் வந்தால் கையை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

கேள்வி: என் விப்பெட் 54 சென்டிமீட்டர். உயரம் அதிகம் என்கிறார்கள். எங்கள் நாய் தகுதி இழந்துவிட்டதா?

எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் தரவரையறை ஆண் நாய்க்கு 47 முதல் 51 சென்டிமீட்டர், பெட்டைக்கு 44 முதல் 47 என்கிறது. அமெரிக்காவில் ஆணுக்கு 19 முதல் 22 அங்குலம், பெட்டைக்கு 18 முதல் 21. அங்கே உங்கள் நாய் ஆணாக இருந்தால் வசதியாகவே உள்ளே இருக்கிறது; ஆனால் எல்லையை அரை அங்குலத்துக்கு மேல் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனில் இந்த உயரத்துக்காக வெளியேற்ற மாட்டார்கள். நடுவர் மனதில் குறித்துக்கொள்வார்.

உயரத்துக்கு ஏன் இத்தனை பாடு என்றால், இது வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் வளர்த்த சிறிய நாய். அவர்கள் நடத்திய ஓட்டப்பந்தயத்தில் தடத்தின் ஒரு முனையில் உரிமையாளர் துணியை ஆட்டிக் கத்துவார். மறுமுனையில் ஒருவர் நாயைத் தூக்கி எறிந்தே ஓட்டத்தைத் தொடங்கி வைப்பார். எடைக்குத் தகுந்தபடி முன்னும் பின்னுமாகத் தொடக்க இடம் கொடுப்பார்கள். 1891-இல் அங்கு நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது கிரேஹவுண்டு என்னும் பெரிய ஓட்டநாய். அது ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: நானும் நடுவராக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வளைய உதவியாளராகப் போய் நில்லுங்கள். எண் அட்டை கொடுப்பது, பிரிவை அழைப்பது என்று வேலை சாதாரணம்தான். ஆனால் அத்தனை நாய்களையும் நடுவரின் தோளுக்குப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நடுவர் இடம் காட்டுவதற்கு முன் உங்கள் வரிசையை மனதில் போட்டுவிடுங்கள். அவருடையது வேறாக இருந்தால், எல்லாம் முடிந்த பிறகு காரணம் கேளுங்கள். வளர்ப்பவர்களிடம் அனுமதி பெற்று நல்ல தோளையும் மோசமான தோளையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பழகுங்கள்.

போகும்போது வளையல்களையும் தொங்கும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மேசைமேல் நிற்கும் விப்பெட் குட்டிக்குத் தலைக்கு மேலே கலகலவென்று சத்தம் கேட்டால் ஆகாது.