ஃபிலிம் கேமராவைக் கையில் எடுப்போருக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஃபிலிம் கேமராவில் புதிதாகப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் டிஜிட்டல் கேமராவிலோ கைபேசியிலோ மட்டுமே படமெடுத்துப் பழகியவர்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வீட்டு அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஃபிலிம் கேமரா ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. கைபேசியில் நினைத்தபோதெல்லாம் படமெடுக்கும் எனக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா, அல்லது இது வெறும் பழமை மோகம்தானா?

பதில்: நிச்சயமாக இருக்கிறது. ஆனால் படத்தின் கூர்மை கூடும், இரவிலும் தெளிவாக எடுக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு வராதீர்கள். அந்த வகையில் இன்றைய கைபேசிகளே பல நேரங்களில் முந்திக்கொள்ளும். கைபேசியில் நீங்கள் ஒருமுறை தொட்டால், அதன் மென்பொருள் அடுத்தடுத்துச் சில படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து, இருண்ட பகுதியை வெளிச்சமாக்கி, வெளுத்த வானத்தை அடக்கி, உங்களைக் கேட்காமலேயே பல முடிவுகளை எடுத்துவிடுகிறது. முழுவதும் கையால் இயங்கும் ஃபிலிம் கேமராவில் அந்த முடிவுகள் அத்தனையும், ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே, உங்களால் எடுக்கப்பட வேண்டியவை. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கவும் வழியில்லை. ஆகவே வெளிச்சத்தைக் கண்ணால் படிக்கும் பழக்கம் மெல்ல மெல்ல வந்தே தீரும். ஃபிலிமின் உண்மையான பயன் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று நாம் பயன்படுத்தும் 35 மி.மீ. கேமராவின் வடிவம், 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவால் நிலைபெற்றது. அதை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளையே எடுத்து, 24-க்கு 36 மி.மீ. அளவில் நிழற்படம் பதியும்படி செய்தார். அந்த அளவு இன்றளவும் மாறவில்லை. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் தொழில் வெகுவாகச் சுருங்கியது. கோடாக் நிறுவனம் தன் புகழ்பெற்ற கோடாக்ரோம் ஃபிலிமின் தயாரிப்பை 2009-இல் நிறுத்தியது. ஆனால் கைவிடப்பட்டிருந்த அதன் இன்னொரு ஃபிலிமான எக்டாக்ரோம் 2018-இல் திரும்பி வந்தது. 2024-இல் பென்டாக்ஸ் புதிய ஃபிலிம் கேமரா ஒன்றையே வெளியிட்டது. கற்றுக்கொண்டபின் ஃபிலிம் கிடைக்காமல் போய்விடுமோ என்று தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய கேமரா வேலை செய்கிறதா என்று ஃபிலிம் போடாமலேயே சோதிக்க முடியுமா?

பதில்: பெரும்பகுதியைச் சோதித்துவிடலாம். முதலில், உள்ளே யாரேனும் விட்டுச்சென்ற ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். சுருள் திருப்பும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றும்போது இழுவை தெரிந்தால், உள்ளே ஃபிலிம் இருக்கிறது என்று பொருள். அதை முழுவதுமாகச் சுற்றி எடுத்தபிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்ததும், அதன் ஓரங்களில் உள்ள கறுப்புப் பஞ்சுப் பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். அது பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒளி கசிந்து படங்களின் ஓரத்தில் வெளிறிய கோடுகள் விழும்.

அடுத்து, லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி புகும் துவாரத்தை) முழுவதும் திறந்து வைத்து, கதவு திறந்திருக்கும்போதே ஷட்டரை (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையை) ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிப் பின்புறமாகப் பாருங்கள். ஒரு விநாடி, அரை விநாடி போன்ற மெதுவான வேகங்கள்தான் முதலில் பழுதாகும். திறந்த ஷட்டர் மூடாமல் நின்றுவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே வழி. ஷட்டர் திரை மிக மெல்லியது, அதை விரலால் தொடவே கூடாது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். பேட்டரியையும் கவனியுங்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவை பேட்டரி இல்லாமலும் படமெடுக்கும், வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். கேனான் ஏஇ-1-இல் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே இயங்காது. எனவே கேமரா அசையவில்லை என்றதும் அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கேள்வி: முதல் ரோலுக்கு எந்த ஃபிலிமை வாங்குவது?

பதில்: ஐஎஸ்ஓ (ஃபிலிம் ஒளியை எவ்வளவு எளிதில் உணரும் என்பதைக் காட்டும் எண்) 400 உள்ள, ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதியும் நெகட்டிவ் ஃபிலிம், கறுப்பு வெள்ளையோ வண்ணமோ உங்கள் விருப்பம். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் ஆகிய இரண்டும் தவறுகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள். படம் நேராகவே பதியும் ஸ்லைடு ஃபிலிம் இப்போது வேண்டாம். முக்கியமாக, ரோலுக்கு ரோல் ஃபிலிமை மாற்றாதீர்கள். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரே வகை ஃபிலிம் என்று சில காலம் இருந்தால்தான், படத்தில் தெரியும் மாற்றம் உங்களால் வந்ததா ஃபிலிமால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். காலாவதியான ஃபிலிம் மலிவாகக் கிடைத்தாலும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: மிகுந்த ஆவலோடு முதல் ரோலை எடுத்து முடித்துக் கழுவக் (டெவலப் செய்யக்) கொடுத்தேன். ஒரு படம்கூட விழவில்லை என்று சொல்லி, வெறும் ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தவறு என்னுடையதா, கழுவியவர்களுடையதா?

பதில்: அந்த ஃபிலிமைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், விடை அதிலேயே இருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் 1, 2, 3 என்ற படஎண்களும் அங்கே தெரிகின்றனவா? அந்த எழுத்துகளைத் தயாரிப்பாளரே தொழிற்சாலையில் ஒளியால் பதித்து அனுப்புகிறார். கழுவும்போதுதான் அவை வெளிப்படும். எழுத்துகள் தெளிவாக இருந்து, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை என்றால், கழுவியது சரி, ஃபிலிமின்மேல் ஒளியே படவில்லை. எழுத்துகளும் இல்லாமல் முழு ஃபிலிமும் தெளிந்து கிடந்தால், கழுவியதில்தான் கோளாறு. படத்தை வெளிக்கொணரும் டெவலப்பருக்கு முன்பே, ஒளிபடாத உப்பைக் கரைக்கும் ஃபிக்ஸரை ஊற்றியிருந்தால் இப்படித்தான் ஆகும். மாறாக, ஃபிலிம் முழுவதும் கறுத்துப் போயிருந்தால், அது எங்கோ வெளிச்சத்தில் திறக்கப்பட்டுவிட்டது.

புதியவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் முதல் வகை. ஃபிலிமின் நுனி, எதிர்ப்பக்கத்துச் சுருள்தண்டில் சரியாகச் சிக்கவில்லை. ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளத் தள்ள, படங்களை எண்ணும் எண்காட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஃபிலிம் இருந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. இதைத் தடுக்க எளிய வழி உண்டு. ஃபிலிமைப் போட்டுக் கதவை மூடியதும், இடப்பக்கத்துக் குமிழை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழைப் பாருங்கள். அது தானாக எதிர்த்திசையில் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் கதவைத் திறந்து மறுபடியும் மாட்டுங்கள், வீணாவது நுனிப்பகுதி மட்டுமே. 36 படத்துக்கான ரோலில் எண்காட்டி 40-ஐத் தாண்டியும் லீவர் இலகுவாக நகர்ந்தால், அதுவும் எச்சரிக்கைதான்.

முழு ரோலையும் இழந்த வருத்தம் எத்தகையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குமிழைப் பார்க்கும் வழக்கம் கைவந்துவிட்டால் இது மீண்டும் நேராது. தயவுசெய்து இன்னொரு ரோல் போடுங்கள்.

கேள்வி: என் கேமராவின் லைட் மீட்டர் வேலை செய்யவில்லை. கைபேசிச் செயலி இல்லாமல் வெளிச்சத்தை அளக்க முடியுமா?

பதில்: முடியும், அதற்கு நிழல்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒளிப்படக்காரர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி இது: நல்ல வெயிலில் அபெர்ச்சரை எஃப் 16-இல் (எஃப் எண் பெரிதானால் துவாரம் சிறிதாகும்) வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஏற்ப வையுங்கள். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 விநாடி; கேமராவில் அது இருக்காது, அருகிலுள்ள 1/500 போதும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125.

வெயில் எவ்வளவு என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். கண் எந்த வெளிச்சத்துக்கும் நொடியில் பழகிக்கொண்டு, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று நம்பவைத்துவிடும். தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு வெட்டினாற்போலக் கூர்மையாக இருந்தால் எஃப் 16. நிழல் தெரிகிறது, விளிம்பு மட்டும் கரைந்திருக்கிறது என்றால் எஃப் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தால் எஃப் 8. நிழலே விழாத அளவுக்கு வானம் மூடியிருந்தால் எஃப் 5.6. வெயில் நாளில் கட்டடத்தின் நிழலில் நிற்பவரை எடுக்க எஃப் 4. நாள்தோறும் வெளியே போகும்போது கேமரா இல்லாமலேயே இதை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பிறகு மீட்டர் இருக்கும் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் மட்டும் இந்த விதி உதவாது. அங்கே வெளிச்சம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. மீட்டரோ செயலியோ தேவைப்படும்.

மீட்டர் உள்ளவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மீட்டர்கள் பலவும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அளவு சொல்கின்றன. சன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால், சன்னலின் வெளிச்சத்தைக் கண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும், முகம் கறுத்துவிடும். அப்போது அருகே சென்று, முகத்தின் இருண்ட பக்கத்தை மட்டும் அளந்து, அந்த அளவோடு திரும்பி வந்து எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிமில் ஒளி ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு) கூடினால் பெரிய கேடில்லை. குறைந்துவிட்டாலோ நிழலில் எதுவுமே பதியாது. பதியாததைப் பின்னால் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. டிஜிட்டலில் வெளுத்துப்போவதற்கு அஞ்சிப் பழகியவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். சந்தேகம் வந்தால் ஒளியைக் கூட்டுங்கள். ஸ்லைடு ஃபிலிமில் நிலைமை தலைகீழ். அதில் ஒளி கூடினால் வெளிச்சப் பகுதிகள் வெளுத்து அழிந்துவிடும். அதனால்தான் இப்போது வேண்டாம் என்றேன்.

கேள்வி: விமான நிலையச் சோதனையில் ஃபிலிம் கெட்டுவிடுமா?

பதில்: கெடக்கூடும். கழுவாத ஃபிலிமை ஒருபோதும் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்குள்ள எக்ஸ்-ரே ஸ்கேனர்கள் வலிமை மிக்கவை. கைப்பைக்கும் இப்போது பல இடங்களில் வலிமை மிக்க சி.டி. ஸ்கேனர்கள் வந்துவிட்டதால், ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியே எடுத்து வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கழுவிய நெகட்டிவுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

கேள்வி: ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம் என்கிறார்கள். அதற்கு இருட்டறை வேண்டாமா?

பதில்: கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவ இருட்டறை தேவையில்லை, ஒளி புகாத ஒரு துணிப்பையும், ஒளி புகாமல் திரவத்தை மட்டும் ஊற்றக்கூடிய டெவலப்பிங் டேங்க் ஒன்றும் போதும். ஃபிலிமை டேங்கின் சுருளில் ஏற்றும் வேலையைப் பைக்குள் கைவிட்டுச் செய்ய வேண்டும். சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்கு மட்டுமே பொருந்தும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபிலிம்கள் சிவப்பு ஒளியையும் உணரும் என்பதால் முழு இருட்டு வேண்டும். வீணான ரோல் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தும், பிறகு கண்ணை மூடியும் சுருளில் ஏற்றிப் பழகுங்கள். கடினமான பகுதி இது ஒன்றே.

மற்றவை ஒழுங்கும் பொறுமையும் சார்ந்தவை. ஃபிலிமில் ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நாம் காணும் கறுப்பு அந்த வெள்ளிதான். ஸ்டாப் பாத் அந்த வேலையை நிறுத்துகிறது. ஒளிபடாமல் எஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைத்து நீக்குகிறது. ஹைப்போ எனப்படும் உப்புக்கு இந்தத் திறன் உண்டென்று ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டறிந்திருந்தார். டெவலப்பரின் வெப்பநிலை வழக்கமாக 20 டிகிரி செல்சியஸ். நீர் அதைவிடச் சூடாக இருந்தால் டெவலப்பர் விரைவாக வேலை செய்யும். எனவே ஃபிலிமோடு வரும் அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது டேங்கைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வெப்பத்தைத் தணிக்க வேண்டும். ஃபிக்ஸர் இன்னும் வலுவோடு இருக்கிறதா என்று அறிய, வெட்டி எடுத்த ஃபிலிம் நுனியை அதில் போடுங்கள். பால்போல் மங்கலாக இருக்கும் அது எவ்வளவு நேரத்தில் தெளிகிறதோ, அதன் இருமடங்கு நேரம் ஃபிலிமை ஃபிக்ஸரில் வைத்தால் போதும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது; சேர்த்து வைத்து, ஃபிலிம் கழுவும் லேபிலோ ரசாயனக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள்.

வண்ண ஃபிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில், 3 நிமிடம் 15 விநாடி. அந்த வெப்பநிலை சிறிது பிசகினாலும் நிறம் மாறும். கறுப்பு வெள்ளையில் கை தேர்ந்தபின் அதற்கு வாருங்கள்.

கேள்வி: லேபில் கழுவி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். ஸ்கேன் ஆனபின் அதுவும் டிஜிட்டல் படம்தானே? நெகட்டிவை வேறு வாங்கி வைக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வாங்குங்கள். ஸ்கேன் என்பது, அந்த நெகட்டிவை ஒருவரோ ஓர் இயந்திரமோ அன்று பார்த்த விதம் மட்டுமே. ஒளியும் நிறமும் அங்கே மறுபடியும் தீர்மானிக்கப்படுகின்றன. சரியாக எடுத்த படமும் அவசரமான ஸ்கேனில் மங்கிப்போகும், நீங்கள் செய்த பிழையை ஸ்கேன் திருத்தி மறைத்துவிடவும் செய்யும். கற்பவருக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய இழப்பு. எனவே ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன் நெகட்டிவை வெள்ளையாக ஒளிரும் திரையின்மேல் வைத்துப் பாருங்கள். நிழல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெளிந்திருந்தால் ஒளி போதவில்லை. படமெடுக்கும்போதே அபெர்ச்சர், ஷட்டர் வேகம், அன்றைய வெளிச்சம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், ஒவ்வொரு நெகட்டிவும் எதனால் அப்படி வந்தது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை அழியாது. ஆறு ஆறு படங்களாக வெட்டி, பாலிபுரொப்பிலீன் உறைகளில் இடுங்கள், பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் ஃபிலிமைக் கெடுக்கும். ஈரம் சேராத இடத்தில் வையுங்கள். உறையின்மேல் தேதியையும், குறிப்பேட்டில் அந்த ரோலுக்குக் கொடுத்த எண்ணையும் எழுதிவிடுங்கள். ரோல்கள் சேர்ந்தபின் எழுதலாம் என்று விட்டால், எது எப்போது எடுத்தது என்று தேடவே நேரம் போதாது.