வினாக்கொத்து: தாளிலா, கூகுள் ஃபோமிலா?

மட்டக்களப்பு மாவட்டத்தில் சுயதொழில் செய்யும் பெண்களைப் பற்றி முகாமைத்துவ ஆய்வு செய்கிறேன், வினாக்கொத்தைத் தாளில் கொடுப்பதா ஆன்லைனில் அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வுக்குத் தாள்தான்.

லிங்கை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் பதில்கள் சீக்கிரம் குவியும், உண்மைதான். ஆனால் அதை எத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்தும் யார் விட்டுவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் பதில் வீதத்தை எப்படிக் கணக்கிடுவது? எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி, மோர்கன் இருவரின் 1970ஆம் ஆண்டு அட்டவணையைப் பார்த்து, ஆயிரம் பேருக்கு 278 என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த 278 எழுமாற்று மாதிரிக்கு, அதாவது முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் போல எடுத்தவர்களுக்கு, உரியது. நண்பர்களின் நண்பர்கள் 278 பேர் நிரப்பினால் டவுனில் இருக்கிற, கையில் நல்ல போன் வைத்திருக்கிற பெண்களின் கருத்துதான் கிடைக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் பாய் இழைத்து விற்கும் அக்கா அதில் வரவே மாட்டார். அவரைப் பற்றியும்தானே ஆய்வு! பிரதேச செயலகத்தில் பட்டியல் கேளுங்கள், அதிலிருந்து எழுமாறாகத் தெரிவு செய்யுங்கள், வீட்டுக்கே போங்கள்.

நேரில் போனால் நிரப்பும் விதத்தையும் பார்க்கலாம். ஒன்று (முற்றாக உடன்படவில்லை) முதல் ஐந்து (முற்றாக உடன்படுகிறேன்) வரை போடும் லைக்கர்ட் அளவுகோல் பக்கம் வந்ததும் ஒரு மாமி பேனையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "புள்ள, எல்லாத்துக்கும் நாலு போட்டுடுறன், உனக்கு நல்லம்தானே?" அன்பில் கேட்டதுதான். உட்கார்ந்து ஒவ்வொரு கூற்றாக வாசித்துக் காட்டியபோது கடன் பற்றிய கூற்றுகளுக்கு ஒன்றும் இரண்டும் விழுந்தன. இதுவே ஆன்லைன் என்றால் மேலிருந்து கீழ்வரை நாலாகவே வந்திருக்கும். கூகுள் ஃபோம் அனுப்பிய நேரத்தை மட்டும்தான் பதியும், நிரப்பத் தொடங்கிய நேரத்தைப் பதியாது. ஆகவே அவசரத்தில் நிரப்பியதா என்றும் பிடிக்க முடியாது. எதில் கொடுத்தாலும் எதிர்மறைக் கூற்றுகள் இரண்டொன்றை நடுவில் வையுங்கள், அவற்றுக்கும் நாலு விழுந்தால் வாசிக்காமல் போட்டது தெரிந்துவிடும். அப்புறம், கணவரோ கடன் அறவிட வருபவரோ பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கவே வேண்டாம்.

வங்கி ஊழியர்கள் பற்றிய ஆய்வு என்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே தாள் முகாமையாளர் கையால் போய் அவர் மேசைக்கே திரும்பி வரும். 'வேலையை விட நினைக்கிறேன்' என்ற கூற்றுக்கு யார் உண்மையாகப் புள்ளடி போடுவார்? அவர்களுக்கு லிங்க் நல்லது, மின்னஞ்சல் பட்டியலும் கிடைத்தால் எத்தனை பேருக்குப் போனது என்ற கணக்கும் இருக்கும். ஒருவருக்கு ஒரு பதில் என்று மட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பெயர் போய்விடுமோ என்று பயப்படுவார்கள், அதைப் போடாதீர்கள்.

இரண்டு வழியிலும் சேர்க்கச் சொல்லி மேற்பார்வையாளர் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் தாளா ஆன்லைனா என்று ஒரு நிரல் மட்டும் கூடுதலாகப் போட்டு, இரு குழுவின் சராசரிகளையும் டி-சோதனையில் (இரு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் சோதனை) ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லையென்றால் மட்டும் தரவை ஒன்றாக்குங்கள்.