கைப்பிடியில் தொங்கிய அட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு என்னை ஒசாகாவுக்கு அனுப்பப்போகிறார்கள், இரண்டு வருடம். போவதற்கு முன் ஜப்பானைப் புரிந்துகொள்ள ஆசை. வாழ்வின் பிடிப்பைச் சொல்லும் இகிகாய் புத்தகம் படித்தேன். யூடியூபிலும் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாமே வெளியாட்களின் பார்வையாகத் தோன்றுகிறது. ஜப்பானிய வாழ்க்கையையும் பண்பாட்டையும் உள்ளே இருந்து சொல்லும் எழுத்தாளர்கள் யார்? ஒரு பட்டியல் தர முடியுமா? வெள்ளைக்காரர்கள் எழுதியதை ஒதுக்கிவிடலாமா? தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்பது உண்மையா? அவர்களுடைய ஒழுங்கின் ரகசியம்தான் என்ன?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் கொய்சுமி செட்சுவின் நினைவுக்குறிப்பு விரித்தபடி கிடந்தது. அதனால் உங்களுக்கு அதிர்ஷ்டம். செட்சு யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். தமிழ், ஜப்பான் மொழி உறவை நிறுவ ஓனோ சுசுமு என்ற பெரிய அறிஞர் பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஒசாகாவில் விருந்துக்குக் கூப்பிட்டால் சாப்பிடுங்கள், சொற்களை ஒப்பிட்டுக் காட்டி அவர்களைச் சோதிக்காதீர்கள். ஒழுங்கின் ரகசியத்துக்கு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடைசி ரயில் போன பிறகு ஏதாவது பெரிய நிலையத்தின் வாசலுக்குப் போங்கள். கோட்டும் டையுமாக நடைபாதையில் குப்புறக் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், பேசுவோம்.

இன்னொன்று. வெளியாட்களின் பார்வை என்று சலித்துக்கொள்கிறீர்கள். நீங்கள் படித்ததாகச் சொல்லும் அந்தப் பிரபலமான இகிகாய் புத்தகத்தை எழுதிய இருவரும் ஸ்பெயின்காரர்கள். பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அதைக்கூடவா பார்க்க மாட்டீர்கள்? ஜப்பானில் அதே சொல்லைத் தலைப்பில் தாங்கி 1966-இல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் கமியா மியெகோ, மனநல மருத்துவர். செதோ உள்கடலில், நகாஷிமா தீவில் உள்ள தொழுநோய் இல்லத்தில் பணியாற்றியவர். வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். குடும்பத்துக்கு அவமானம் வரக் கூடாதென்று பலர் சொந்தப் பெயரையே விட்டிருந்தார்கள். இப்படி ஒரு இடத்தில் ஒரு மனிதர் எதை நம்பி மறுநாள் காலையில் எழுந்திருக்கிறார் என்பதுதான் கமியா கேட்ட கேள்வி. அவர்களை அடைத்துவைத்த சட்டம் 1996-இல்தான் நீங்கியது. அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு வீடு இருந்தது. இப்போது அது நான்கு வட்டம் போட்ட படமாகி விமான நிலையப் புத்தகக்கடையில் நிற்கிறது.

சரி, உள்ளே இருந்து சொல்வது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் டோக்கியோவை அடுத்த சைதாமாவில் ஒரு சந்தில் சில காலம் குடியிருந்தேன். ஒரு மாலை திரும்பி வந்தபோது கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே கிளிப் வைத்த ஒரு அட்டை, அதில் நாலைந்து தாள்கள், மேலே கட்டம் கட்டமாகப் பெயர்கள், சில கட்டங்களில் சிவப்பு முத்திரை. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஏதோ விளம்பரம், பிறகு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்போம் என்று ஷூ அலமாரி மேல் வைத்தேன். அது அங்கேயே பத்து நாள் கிடந்தது.

அதன் பெயர் கைரான்பான். தெருவின் செய்தி வீடு வீடாகச் சுற்றி வரும் அட்டை. படித்து, கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். குப்பை எடுக்கும் கிழமை மாறியது, கோடைத் திருவிழா, 'அம்மா, நான்தான்' என்று மகன் குரலில் போன் செய்து பணம் பறிப்பவர்கள் பற்றிப் போலீஸ் எச்சரிக்கை, எல்லாம் அதில் வரும். அந்த முறை வந்தது சாக்கடை தூர்வாரும் நாள் பற்றிய அறிவிப்பு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அட்டை வரிசையில் எனக்கு முன்னால் உள்ள வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் உள்ள ஐந்து வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். எண்பது வயதிருக்கும். ஷூ அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். அட்டையை எடுத்துக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அட்டை தன் வீட்டில்தான் தங்கிவிட்டது, வயதாகிவிட்டது, மறதி என்று அவர் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். பல மாதம் கழித்து எதிர்வீட்டுக்காரர், "அந்த அம்மாவுக்கு இப்போது ஞாபகம் பரவாயில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

இதை வேறு யாராவது எழுதினால் 'மன்னிக்கும் ஜப்பானியக் கலை' என்று ஒரு அத்தியாயமே தேற்றிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து, அந்நியன் ஒருவனுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருக்கலாம். அல்லது வேறு எதையோ நினைத்து அப்படிச் செய்திருக்கலாம். 1940-இல் போர்க்கால அரசு பத்துப் பத்து வீடாகச் சேர்த்து அக்கம்பக்கக் குழு அமைத்தபோது, ரேஷன் செய்தியும் அரசாங்க உத்தரவும் இந்த அட்டையில்தான் வீடு வீடாகப் போயின. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அண்டை வீட்டுக்காரர் கவனித்த காலம் அது. பாட்டி அந்தக் காலத்துச் சிறுமி. அட்டையைத் தாமதப்படுத்திய வீடு என்ற பேச்சு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

உள்ளே இருப்பவர் விளக்குவதில்லை. இது எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்களுக்கு உறைப்பதில்லை. நம் வீட்டு வாசலில் ஏன் கோலம் போடுகிறோம் என்று அம்மா நமக்கு விளக்கினாரா? வெளிநாட்டுக்காரர் கேட்டால்தான் நாம் அறிவியல் காரணமெல்லாம் கண்டுபிடிக்கிறோம். விளக்குகிறவர் சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும் முகத்தை வாசல் பக்கம் திருப்பி உட்கார்ந்தவர். நிடோபே இனாசோ, சாமுராய் வீரர்களின் நெறியான புஷிடோ பற்றி எழுதினார், 1900-இல், ஆங்கிலத்தில். மதப் பாடம் இல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படி நல்லது கெட்டது சொல்லித்தருகிறீர்கள் என்று ஒரு பெல்ஜியப் பேராசிரியர் கேட்டதும், அமெரிக்க மனைவி ஜப்பானிய வழக்கங்களுக்குக் காரணம் கேட்டுக்கொண்டே இருந்ததும்தான் அந்தப் புத்தகத்துக்கு வித்து என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் அது வெள்ளைக்காரருக்குச் சொன்ன பதில். நாவலாசிரியர் தனிசாகி நிழலின் அழகைப் பற்றி எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருக்கு வீடு கட்ட வந்த கட்டிடக் கலைஞர், கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றாராம். ஐயோ, அப்படி ஒரு வீட்டில் என்னால் குடியிருக்க முடியாது என்றாராம் தனிசாகி.

இப்போது செட்சு. நீங்கள் ஒதுக்கிவிடலாமா என்று கேட்ட வெள்ளைக்காரர்களில் முதல்வர் லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர், அப்பா அயர்லாந்துக்காரர், இடக்கண் பார்வை இல்லை. 1890-இல் ஜப்பான் போனார். மட்சுவே என்ற ஊரில் ஆசிரியர் வேலை. நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சுவோடு வாழ்க்கை. 1896-இல் குடியுரிமை வாங்கி கொய்சுமி யாகுமோ ஆனார். இன்றும் ஜப்பானியர்கள் அவருடைய பேய்க்கதைகளைத் தங்கள் கதைகளாகப் படிக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஜப்பானிய மொழியில் புத்தகம் படிக்கத் தெரியாது. படித்தது செட்சு. பழைய புத்தகக் கடைகளில் அலைந்து கதை தேடியதும் அவர்தான். இரவில் விளக்குத் திரியை இறக்கிவைத்துவிட்டுச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க ஹெர்ன் விடமாட்டார். உன் சொல்லில் சொல், உன் மனதில் பட்டதைச் சொல் என்பார். இருவரும் பேசியது வேறு யாருக்கும் புரியாத ஒரு உடைந்த ஜப்பானிய மொழி.

காதில்லாத ஹோய்ச்சி என்ற குருட்டுப் பாடகனின் கதையை எழுதிய நாட்களில், இருட்டியும் ஹெர்ன் விளக்கேற்றவில்லை. அடுத்த அறையிலிருந்து செட்சு மெல்லிய குரலில் "ஹோய்ச்சி, ஹோய்ச்சி" என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: "நான் குருடன், நீங்கள் யார்?" அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்குப் படிப்பில்லையே, உங்களுக்கு உதவ முடியவில்லையே என்று செட்சு அழுதபோது ஹெர்ன் அவரைப் புத்தக அலமாரி முன் கொண்டுபோய் நிறுத்தி, இவையெல்லாம் யாரால் வந்தவை என்று கேட்டாராம். புத்தக அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான். செட்சு தன் நினைவுகளைச் சொல்லி, அவை அச்சில் வந்தது 1914-இல். ஹெர்ன் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இதில் யார் உள்ளே, யார் வெளியே? நீங்களே சொல்லுங்கள்.

பட்டியல் கேட்டீர்கள், ஒரு பெயர் தருகிறேன். இஷிமுரே மிச்சிகோ. கைக்குழந்தையாக மினமாட்டா என்ற கடலோர ஊருக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர், குடும்பத் தலைவி. சிசோ தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசத்தில் அந்த ஊரின் மீன் கெட்டு, பூனை துடித்துச் செத்து, பிறகு மனிதர்கள். 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகத் தெரிந்த பிறகும் 1968 வரை கழிவு போய்க்கொண்டுதான் இருந்தது. 1969-இல் வந்த 'குகாய் ஜோதோ' என்ற புத்தகத்தில் அவர் மீனவர்களை அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசவிட்டார். எல்லோரும் அதை ஒலிநாடாவில் பதிவுசெய்து எழுதியது என்றே நம்பினார்கள். அப்படியில்லை என்று தெரிந்து, முதலில் அதை வெளியிட்ட வதனபே கியோஜி கேட்டபோது, அந்த மனிதர் மனதுக்குள் சொல்வதை எழுதினால் அப்படித்தான் வருகிறது என்றார் இஷிமுரே. அவர் நோயாளி இல்லை. உங்கள் கணக்குப்படி அவரும் வெளியாள்தான். பண்பாடு தெரிந்துகொள்ள இதையா படிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், கோபம் வரும்.

அடுத்த மாதம் அட்டை மறுபடி வந்தது. இந்த முறை பாட்டி பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகவில்லை, நின்றார். முத்திரை என்னிடம் இல்லை. கட்டத்துக்குள் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அட்டையை வாங்கி, நேராகப் பிடித்திருக்கிறோமா என்று சந்தேகப்பட்டவர் போல இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என் கையிலேயே கொடுத்து, என்னைத் தெருவுக்கு அழைத்துவந்து, அடுத்த வீட்டுக் கதவைக் காட்டினார்.