'வேண்டாம்' என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்

கேள்வி: முன்பு வேலை பார்த்த இடத்தில் உடன் இருந்த ஒருவர் ஏழு மாதமாக மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுக்கிறார். பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருகிறார். இரண்டு முறை என் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். ஆரம்பத்தில் நானும் நட்பாகப் பேசியவள்தான். அவரிடம் 15,000 ரூபாய் கைமாற்று வாங்கித் திருப்பியும் கொடுத்துவிட்டேன். புகார் கொடுத்தால் 'நீயும்தானே பேசினாய்' என்று கேட்பார்களா? வீட்டில் நம்பரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: கேட்பார்கள், சகோதரி. கேட்கட்டும். நீங்கள் முன்பு பேசியது குற்றமும் இல்லை, புகாருக்குத் தடையும் இல்லை. 2013-ல் பழைய தண்டனைச் சட்டத்தில் பின்தொடர்தலைத் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பப் பின்னால் வந்து தொடர்புகொள்ள முயன்றாரா என்றுதான் அது பார்க்கிறது.

'தெளிவாக' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களில் இருப்பவை: "பிஸியா இருக்கேன்", "அப்புறம் பேசலாம்", "வீட்ல திட்டுவாங்க". யார் மனமும் நோகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நமக்குப் பழக்கிவிட்ட பேச்சு இது. இதில் ஒரு இடத்தில்கூட 'வேண்டாம்' இல்லை. இன்றைக்கே இப்படி எழுதி அனுப்புங்கள்: "எனக்கு உங்களோடு பேசவோ சந்திக்கவோ விருப்பமில்லை. இனி போன், மெசேஜ், நேரில் வருவது எதுவும் கூடாது." அவ்வளவுதான். காரணம் வேண்டாம், ஸாரி வேண்டாம், கடைசியில் அந்தக் கைகூப்பும் எமோஜியும் வேண்டாம். அதன்பின் ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள், திட்டியும் எழுதாதீர்கள். ஆனால் அவர் மிரட்ட ஆரம்பித்திருந்தால் இந்த மெசேஜுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக 112-ஐ அழையுங்கள்.

அந்த 15,000 ரூபாய்க்கு வருவோம். சூழ்நிலையைப் பார்த்தால் நியாயமான நடத்தைதான் என்று காட்ட முடிந்தால் அது பின்தொடர்தல் ஆகாது என்று சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. "கொடுத்த பணத்தைக் கேட்கத்தான் போனேன்" என்பது இந்த இடத்தில் நுழையப் பார்க்கும் கதை. நான் பார்த்த வழக்குகளில் பாதியிலாவது ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல் முளைத்துவிடும், சில சமயம் இல்லாத கடன்கூட. வங்கி வழியாகத் திருப்பியிருந்தால் வங்கி ஸ்டேட்மெண்டில் அந்த வரியை எடுத்து வையுங்கள். கையில் கொடுத்திருந்தால், "15,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்ற வரியையும் அதே மெசேஜில் சேருங்கள். நிஜமாகவே பாக்கி இருந்தாலும் கடனை வசூலிக்க நோட்டீஸ் உண்டு, நீதிமன்றம் உண்டு. பஸ் ஸ்டாப்பில் நின்று வசூலிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம்பரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய சிம்மும் போனும் அப்படியே இருக்கட்டும். பிளாக் செய்யலாம், ஆனால் எதையும் அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். அவர் வந்து நின்ற நாள், நேரம், உடன் யார் இருந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது, என்னைக் கோபப்படுத்தும் விஷயம். 'சைபர் எக்ஸ்பர்ட்' என்று சொல்லிக்கொண்டு, அவன் போனுக்குள் புகுந்து ஆதாரம் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். அடுத்தவர் போனுக்குள் புகுவது குற்றம், அதில் நீங்களும் மாட்டுவீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண் அப்படி ஒருவரிடம் தன் போனையே கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது அதில் ஒரு மெசேஜ்கூட இல்லை. அப்புறம், காவல் நிலைய வாசலில் நின்று "ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, பேசி முடிச்சுடலாம்" என்பவர்கள். 'இனி தொல்லை செய்ய மாட்டேன்' என்று அந்த ஆளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, உங்களிடமும் 'சமாதானம்' என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் அவர் மறுபடி வந்து நின்றால் அந்தக் காகிதம் அவருக்குத்தான் உதவும்.

நிலையத்துக்குள்ளும் இதே கதை நடக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வாங்கியதற்கான சீட்டுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. எத்தனை பெண்கள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வழக்குப் போட்டாகிவிட்டது என்று நம்பிக் காத்திருக்கிறார்கள்! எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த நிலையத்திலும் பதிய வேண்டும். உங்கள் புகாரைப் பதிவு செய்ய வேண்டியவர் பெண் அதிகாரி. மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு. இத்தனை படி ஏற வைப்பது அநியாயம்தான், ஆனால் படிகள் இருக்கின்றன.

வக்கீலுக்குச் செலவழிக்க வழியில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்து உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.